பாளையைத் தட்டும் கை

கள்ளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு உடனே கடைக்குப் போய்விடுகிறது. எங்கே கப்பை பதமாக வெந்திருக்கும், எந்தக் கடை வறுவலில் காரம் தூக்கலாக இருக்கும் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கேரள எல்லையோர மீனாட்சிபுரத்துக்காரனான எனக்கு இதில் நெடுநாள் வருத்தம் உண்டு. கள்ளின் ருசியில் முக்கால் பங்கு மரத்து உச்சியிலேயே, பாளையைத் தட்டுகிற கையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. கடைக்கு வந்து சேர்வது மிச்சம்.

தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டியதும் பெருமாட்டி, பட்டஞ்சேரி என்று சித்தூர் வரை விரிகிற தென்னந்தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. இத்தனை கள்ளுக்கும் மூலம், விரியாத ஒரு பாளையை நாரால் இறுகக் கட்டி, நுனியைச் சீவி, எலும்பால் தட்டுகிற வேலை. தட்டிய அன்றே சொட்டிவிடாது. நாள்தோறும் தட்டிச் சீவி, பத்து நாளோ அதற்கு மேலோ காத்திருந்தால்தான் சுரப்பு இறங்கும். ஓங்கித் தட்டினால் உள்ளே பூ நசுங்கிப் பாளை அழுகும். தயங்கித் தட்டினால் வறண்டே கிடக்கும்.

எங்கள் பக்கத்துத் தோப்பில் மரமேறிய பெரியவர் ஒருவரின் தட்டை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. பாளையைச் சுற்றிச் சுற்றி, ஒரே அழுத்தத்தில், ஒரே இடைவெளியில் தட்டுவார். இளம் பாளையில் ஓசை கெட்டியாக எழும். பதம் வர வர அது மெத்தென்று அடங்கும். அடங்கியதும் எலும்பை இடுப்பில் செருகிக்கொள்வார். இன்னும் இரண்டு தட்டு தட்டினால் கூடுதலாகச் சுரக்காதா என்று கீழிருந்து கேட்டதற்கு, “பாளைய மெரட்டக்கூடாது தம்பி” என்றார். அவர் சீவிப்போட்ட துண்டை வெளிச்சத்தில் பிடித்தால் பின்னாலிருக்கும் விரல் தெரியும். அந்த மெல்லிசுச் சீவலால்தான் ஒரு பாளை ஒரு மாதம் தாண்டியும் சுரந்துகொண்டிருந்தது. தடிமனாகச் சீவுகிறவர்களிடம் அதே பாளை பாதி நாளில் தீர்ந்துபோகும். சீவிய முகத்தில் களிமண்ணைத் தடவி, கலயத்தைக் கவிழ்த்துப் பார்த்து மாட்டிவிட்டு அவர் இறங்குகிற நிதானத்தைப் பார்க்கவே காலையில் தோப்புக்குப் போவேன்.

கைப்பக்குவத்தைவிட ஆலையின் ஒழுங்கை மெச்சுகிற வோட்காப் பிரியர்களான நண்பர்களும் எனக்கு உண்டு. பியோத்தர் ஸ்மிர்னோவ் 1864-ல் மாஸ்கோவில் தொடங்கிய ஆலையையும், சாராயத்தைக் கரிவழியே வடிகட்டிய அவருடைய முறையையும் பக்தியோடு சொல்வார்கள். தானியச் சாராயத்தை 96 சதவீதம் வரை ஏற்றி, தண்ணீர் சேர்த்து 40-க்கு இறக்குகிறார்கள். எந்த ஊரில் வாங்கினாலும் அதே ருசி. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் மணத்தையும் ருசியையும் கழித்துக் கழித்து அடைகிற தூய்மை அது. எனக்கு வேண்டியது வேறு. பாளைச் சாற்றில் 12 முதல் 16 சதவீதம் வரை சர்க்கரை. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் விழுந்த நொடியே ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் 4, 5 சதவீதம் போதை ஏறும். காலை ஏழு மணிக்கு இனிப்பும் நுரையுமாக இருப்பது பதினொன்றுக்கு நாக்கைச் சுண்டும். மறுநாள் காடி. இந்த மாற்றத்தை நேரம் பார்த்துப் பிடிப்பதில்தான் ரசனை இருக்கிறது.

பனங்கள்ளே கள் என்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பனையின் மணம் ஆழமானது. ஆனால் பனை பருவத்துக்குத்தான் தரும். ஆண்டு முழுக்க ஏறி இறங்கிக் கைப்பக்குவம் வளர்வது தென்னையில்தான்.

இப்போது அந்தப் பக்குவத்துக்குத்தான் ஆபத்து. எல்லைக்கு அந்தப் பக்கம், இதே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பொள்ளாச்சித் தோப்புகளில், 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கத் தடை. ஒரு தலைமுறைக் கை அங்கே பழக்கமில்லாமல் போய்விட்டது. தடையில்லாத இந்தப் பக்கத்திலும் பிள்ளைகள் மரமேற வருவதில்லை. கேரளத்தில் கள்ளுத் தொழிலாளருக்கு 1969-லேயே நலநிதிச் சட்டம் வந்தது, 2021-ல் கள்ளுத் தொழில் வளர்ச்சி வாரியத்துக்கும் சட்டம் வந்தது. நல்லதுதான். ஆனாலும் மண்கலயம் இருந்த இடத்தில் பல தோப்புகளில் பிளாஸ்டிக் தொங்குகிறது. விடியலில் வண்டியேறிய கள் தூர மாவட்டத்துக் கடையில் மதியத்துக்கு மேல் ஊற்றப்படுகிறது. அப்போது அதில் மிஞ்சியிருப்பது புளிப்பு மட்டும். அதைக் குடித்துவிட்டு, சித்தூர்க் கள் முன்போல இல்லை என்று பழியை மரமேறியின் தலையில் போடுகிறார்கள். போதாக்குறைக்கு, இனிப்பும் ஸ்பிரிட்டும் கலக்கிறவர்கள் வேறு. கலந்த கள்ளில் எலும்பின் வேலையும் கத்தியின் வேலையும் ஒன்றுமில்லாமல் போகின்றன.

வோட்கா பாட்டிலில் ஆலையின் பெயர் இருக்கிறது, தொடங்கிய ஆண்டு இருக்கிறது. கள் கேனில் எந்தத் தோப்பு, எத்தனை மணிக்கு இறக்கியது என்ற இரண்டு விவரமாவது எழுதி ஒட்ட வேண்டும். அதுவரை, கடையில் உட்கார்ந்ததும் மீன்கறி கேட்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் கேளுங்கள்.