மறுதட்டில் இருப்பவள்

புத்தக வெளியீடானாலும் கல்லூரிக் கருத்தரங்கானாலும் பெண் கவிஞர்களைத் தேடி வந்துவிடுகிற கேள்வி ஒன்று உண்டு: "வீடு, பிள்ளை, வேலை, எழுத்து, எல்லாவற்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" அக்கறையோடுதான் கேட்கிறார்கள். அதே மேடையில் இருக்கும் ஆண் கவிஞரிடம், அவருக்கு மூன்று பிள்ளைகள் இருந்தாலும், இதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. 'சமநிலை' என்ற சொல்லை நாம் உச்சரித்துவிட்டால் கேட்டவருக்கு நிம்மதி. ஒரு தட்டில் பிள்ளை, மறுதட்டில் கவிதை, நடுவில் கை நடுங்காமல் தராசைப் பிடித்திருக்கும் ஒருத்தி. இந்தச் சித்திரத்தில் இன்னொரு பெண் மறைக்கப்பட்டிருக்கிறாள். அவளைத் தேடுவது பெண்ணிய விமர்சனத்தின் வேலை என்று நினைக்கிறேன்.

நான் குடியிருப்பது இருக்கன்குடியில். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் மாரியம்மன் கோயில். ஆடிக் கடைசி வெள்ளி நெருங்க நெருங்கப் பாதயாத்திரைக் கூட்டம் ஊரை நிறைக்கும். வீடுகளில் விருந்தாளிகள் நிறைவார்கள். சிவகாசி, சாத்தூர் வட்டாரப் பட்டாசு ஆலைகளில் தீபாவளிக்கான வேலை சூடுபிடிப்பதும் அப்போதுதான். எனக்கோ திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுகள். அப்படியொரு சீசனில்தான் என் இரண்டாவது தொகுப்பை முடித்தேன். பக்கத்து வீட்டு அக்கா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர். எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். மாலையில் வந்ததும் என் மகளுக்கும் சேர்த்து உலை வைப்பார். "நீங்க எழுதுங்க டீச்சர், பிள்ளைய நான் பாத்துக்கிடுறேன்" என்பார். அந்தத் தொகுப்பு அவருடைய ஓய்வு நேரத்தில் எழுதப்பட்டது. எனக்கு மாதச் சம்பளம், அவருக்குச் செய்த வேலைக்கு ஏற்ற கூலி. சுமை இறங்கவில்லை, என்னைவிடக் களைத்த ஒரு முதுகுக்கு மாறியது. இதைச் சமநிலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் இலக்கிய வரலாறு இந்த இன்னொரு பெண்ணை எங்கே வைத்திருக்கிறது? வை. மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதியவர், 1925 முதல் 'ஜகன்மோகினி'யை நடத்தியவர். அவருடைய முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். எழுத்துப் பழக்கம் இல்லாத ஒருத்தி படைப்பாளியானதற்கு இன்னொருத்தியின் கை காரணம். நூற்றுப்பதினைந்தை எண்ணிச் சொல்லும் நாம் பட்டம்மாளை ஒரு சுவையான துணுக்காகக் கடந்துவிடுகிறோம்.

துவரங்குறிச்சியில் சல்மா, வீடு உறங்கிய பிறகு ஒளிந்து எழுதினார். அவருடைய நாவலின் பெயர் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004). அந்தத் தலைப்பே, இங்கு ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக மிஞ்சும் நேரம் எது என்று சொல்லிவிடுகிறது. அவர் எழுதிய தாள்கள் யாருக்கும் தெரியாமல் வீட்டைவிட்டு வெளியேற உதவியவர் அவருடைய தாய். பெண் கவிஞர்கள் சிறு கவிதைகளோடு நின்றுவிடுகிறார்கள் என்று கருத்தரங்குகளில் குறை சொல்லக் கேட்டிருக்கிறேன். வடிவத்தைப் பேசுகிறவர்கள் நேரத்தையும் பேச வேண்டும். துண்டு துண்டாகக் கிடைக்கும் இரவில் ஒருத்தி எழுதினால், அந்தத் துண்டின் அளவு வடிவத்தில் படியத்தான் செய்யும்.

பிள்ளை வளர்ப்பையும் படைப்பையும் ஒரே மூச்சில் செய்த வடிவம் ஒன்று நம்மிடம் உண்டு: தாலாட்டு. தொட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டே கட்டிய பாட்டு அது. பிள்ளைக்குப் பாடுவதுபோல் பிறந்த வீட்டுப் பெருமையையும் புகுந்த வீட்டுக் குறையையும் ஊர் கேட்கச் சொல்லிவிடும். பாடத்திட்டத்தில் அது 'நாட்டார் பாடல்', ஆசிரியர் பெயர் இல்லாதது. எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் யசோதையாகி, கண்ணனைத் தாலாட்டினார். பிள்ளைத்தமிழ் வளர்ந்து பத்துப் பருவங்களோடு சிற்றிலக்கியமானது. அதில் மூன்றாவது தாலப்பருவம். ஒட்டக்கூத்தர், குமரகுருபரர் என்று பெயர்கள் நிலைத்தன. அவர்களுடைய கவித்துவத்தில் எனக்கு ஐயமில்லை. ஆண்டுதோறும் ரசித்தே பாடம் நடத்துகிறேன். ஆனாலும் தாயின் குரலை எடுத்துக்கொண்ட ஆண் புலவரானார். அந்தக் குரலுக்கு உரியவள் பெயரில்லாமல் போனாள். இதை வகுப்பில் சொல்லாமல் தாலப்பருவத்தை என்னால் முடிக்க முடிவதில்லை.

இந்தத் தீப்பெட்டி மண்ணின் குழந்தைத் தொழிலாளர்களை 'கூட்டுக் குஞ்சுகள்' நாவலாக்கிய ராஜம் கிருஷ்ணனைப் பற்றியும் ஒரு பேச்சு உண்டு. பிள்ளை இல்லாததால்தான் அவரால் ஊர் ஊராகப் போய் எழுத முடிந்ததாம். பிள்ளைகள் உள்ள ஆண் எழுத்தாளர்களும் ஊர் ஊராகப் போனார்கள். அவர்களுடைய பயணத்தை விளக்க யாரும் தொட்டிலை எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெண்ணின் எழுத்தை அளப்பதற்குக் கருப்பைதான் படிக்கல்லாகிறது.

ஆகவே மாணவிகளிடம் நான் சொல்வது இது. ஒரு நூலை எடுத்தால், இது எழுதப்பட்டபோது சமைத்தது யார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது யார் என்று கேளுங்கள். ஆண் எழுத்தாளரின் நூலுக்கும் கேளுங்கள். விடை அங்கேதான் அதிகம் மறைந்திருக்கும். பெண் எழுத்தாளரின் நூலுக்குக் கேட்கும்போது, அந்த வேலை ஏன் இன்னொரு பெண்ணிடமே போய்ச் சேர்ந்தது, வீட்டு ஆணிடம் ஏன் போகவில்லை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெண்கள் அதிகம் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. நம் இலக்கியக் கூட்டங்களுக்கு அந்த யோசனை இன்னும் எட்டவில்லை. கவிதைப் பட்டறை நடத்துகிறவர்கள் மேடைக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஓர் அறை ஒதுக்கட்டும். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் முறை ஆண் கவிஞர்களுக்கும் வரட்டும். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அந்த மாலை ஓய்வாக இருக்கட்டும். அவரிடமும் பாட்டு இருக்கிறது.