எரியும் பக்தாதும் எண்ணிக்கை மோகமும்

எழுதுகோலைக் கையிலெடுக்கும் எவரும் தம் எழுத்தை நாலுபேர் படிக்க வேண்டுமென்றே விழைவர். அது இயற்கை, குற்றமன்று. ஆனால் அந்த நாலுபேரை எவ்வழியில் பெறுகிறோம் என்பதில்தான் எழுத்தின் தரமும் அதன் ஆயுளும் அடங்கியுள்ளன.

இணையம் வந்தபின் இக்கேள்வி வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது. பதிப்பாளரின் தயவோ பத்திரிகாசிரியரின் கடைக்கண் பார்வையோ இன்றி, கைப்பேசி வைத்திருக்கும் எவரும் எழுதலாம். உலகின் எந்த மூலையிலிருப்பவரும் படிக்கலாம். முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் யூடியூபிலும் நம்மைப் பின்தொடர்வோர் எத்தனைபேர், 'லைக்' இட்டோர் எத்தனைபேர் என்னும் கணக்கு கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கணக்கைப் பெருக்கும் வழிகளைக் கற்பிக்க ஆசான்களும் பெருகியுள்ளனர். நாள் தவறாது எழுது, முகத்தைக் காட்டு, தலைப்பிலேயே ஆளைப் பிடித்திழு, சினத்தைக் கிளறு என்பன அவர்தம் பாடங்கள்.

இப்பாடங்களுள் எதனையும் கல்லாமலே உலகெங்கும் வாசகரைப் பெற்ற ஓர் எழுத்து உண்டு. 'எரியும் பக்தாத்' எனப் பொருள்படும் 'பாக்தாத் பர்னிங்' என்ற ஆங்கில வலைப்பூ அது. அதனை எழுதியவர் 'ரிவர்பெண்ட்' என்னும் புனைபெயர் பூண்ட ஈராக்கியப் பெண். ஆற்றின் வளைவு என்பது அப்பெயரின் பொருள். அவருடைய இயற்பெயரை அவர் ஒருபோதும் வெளியிட்டாரல்லர். அவ்வெழுத்தின் நிறைகுறைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசகர் வந்த வழி

2003 மார்ச்சு 20-இல் ஈராக் மீது போர் தொடுக்கப்பட்டது. ஏப்ரல் 9-இல் பக்தாத் வீழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 17-இல் ரிவர்பெண்ட் தம் முதற்பதிவை எழுதினார். தாம் 24 வயதுப் பெண், ஈராக்கியர், போரினின்றும் உயிர் பிழைத்தவர் என்ற அளவில் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். அப்பொழுது முகநூல் பிறக்கவில்லை. அது 2004-இல் தோன்றியது. 'லைக்' என்னும் குறி முகநூலில் வந்ததோ 2009-இல். ஆகவே கூட்டத்தைத் தேடிப் பிடித்துத் தரும் பொறி எதுவும் அவருக்குத் துணையாக இல்லை.

துணையாக இருந்தவர் மற்றோர் எழுத்தாளர். 'சலாம் பாக்ஸ்' என்ற புனைபெயரில் பக்தாதிலிருந்து எழுதிக்கொண்டிருந்த இளைஞர் அவர். அரபியிலும் இலத்தீனிலும் அமைதியைக் குறிக்கும் இரு சொற்களை இணைத்து அப்பெயரைப் புனைந்திருந்தார். ஜோர்டானுக்குச் சென்ற ராயித் என்ற நண்பனுக்குச் செய்தி சொல்வதற்காக 2002-இல் அவர் தொடங்கிய வலைப்பூ, போர் நெருங்கியபோது உலகோர் கண்களை ஈர்த்தது. ஒரு நண்பனுக்கென எழுதியதை உலகம் படித்தது! அவர் தம் பக்கத்தில் ரிவர்பெண்டைச் சுட்டிக் காட்டவும், அவருடைய வாசகர் இவரிடமும் வந்தனர். வந்தவர் தம் பக்கங்களில் பிறருக்குச் சுட்டினர். நல்ல நூலொன்றைப் படித்தவர் அண்டை வீட்டாருக்கு இரவல் கொடுப்பது போன்றதே இது. ஒரு மனிதர் மற்றொரு மனிதருக்குச் சொன்ன நற்சொல்லால் வளர்ந்த வாசகர் வட்டம் அது.

வேறிரு காரணங்களையும் மறைப்பதற்கில்லை. உலகின் பார்வை அன்று பக்தாதின் மீது பதிந்திருந்தது. அவர் எழுதியதோ ஆங்கிலத்தில். இளமையில் சில ஆண்டுகள் அயல்நாட்டில் வாழ்ந்ததால் அம்மொழி அவருக்குக் கைவந்திருந்தது. அதே துயரை ஆங்கிலமறியாத அடுத்த வீட்டுப் பெண் எழுதியிருப்பின் இத்தனைபேரை எட்டியிருப்பாளா என்பது ஐயமே. எனினும் ஆங்கிலமும் காலமும் வாசலைத் திறந்துவிட மட்டுமே வல்லவை. வந்தவரை நான்கு ஆண்டுகள் அமர வைத்தது எழுத்தின் ஆற்றலே.

வீட்டு முற்றத்திலிருந்து ஒரு வரலாறு

அவ்வாற்றல் யாது? போரைப் பற்றி எழுதுவோர் படைகளையும் தலைவர்களையும் எழுதுவர். ரிவர்பெண்ட் தம் வீட்டை எழுதினார். மின்சாரம் எப்பொழுது வரும், எப்பொழுது போகும் என்பதை வைத்தே ஒரு குடும்பத்தின் நாள் வகுக்கப்படுவதைக் காட்டினார். தண்ணீர் வரும் சிறுபொழுதில் கிடைத்த பாத்திரங்களிலெல்லாம் நிரப்பி வைப்பதை எழுதினார். நோன்பு மாதத்தின் மாலை வேளைகளை எழுதினார். கணினி வல்லுநராகப் பணியாற்றிய அவர், போருக்குப்பின் தம் அலுவலகத்தைத் தேடிச் சென்றபோது, பெண்களுக்குப் பாதுகாப்பளிக்க இயலாதென்று கூறித் திருப்பியனுப்பப்பட்டதை எழுதினார். ஒரு நாட்டில் பெண்ணின் நிலை எவ்வளவு விரைவில் சரிந்தது என்பதைப் பக்கம் பக்கமான புள்ளிவிவரங்களைக் காட்டிலும் அந்த ஒரு பதிவு தெளிவாக உணர்த்திவிடுகிறது.

2003 அக்டோபரில், அமெரிக்கப் படையினர் துலுவிய்யா என்னும் ஊரில் பேரீச்ச மரங்களை வேரோடு பெயர்த்தெறிந்த செய்தி வந்தது. அதனை அவர் எழுதிய முறை சிந்திக்கத்தக்கது. ஈராக்கியரின் வீட்டில் பேரீச்ச மரம் எத்தகைய உறவு, அதன் கனிவகைகள் எவை, அது எத்துணை ஆண்டுகள் காத்து வளர்க்கப்படுவது என்பவற்றையெல்லாம் முதலில் சொன்னார். வாசகன் அம்மரத்தின்மீது அன்பு கொண்டபின்னரே அது வீழ்த்தப்பட்ட செய்தியைக் கேட்கிறான். சினமூட்டுவது எளிது, அன்பூட்டிவிட்டுத் துயரைச் சொல்வது அரிது. அவ்வரிய செயலே அவருடைய சிறந்த பதிவுகளில் நிகழ்ந்துள்ளது.

1991 பிப்ரவரி 13-இல் பக்தாதின் ஆமிரிய்யா பதுங்கிடத்தில் குண்டு வீழ்ந்து 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதனை நினைவுகூரும் பதிவிலும் இவ்வடக்கத்தையே காண்கிறோம். தம் குடும்பத்தில் சுன்னிகளும் ஷியாக்களும் கலந்திருப்பதைச் சொல்லி, அயலார் வரைந்த பிரிவினைக் கோட்டினை மறுக்குமிடத்திலும் அவ்வாறே. வாதத்துக்கு முன்பாக வாழ்க்கை வந்து நிற்கிறது.

நூலான பின்

2005-இல் நியூயார்க்கின் ஃபெமினிஸ்ட் பிரஸ் இப்பதிவுகளைத் தொகுத்து நூலாக்கியது. 2006-இல் இரண்டாம் தொகுதி வந்தது. 2005-இல் செய்தி இலக்கியத்துக்கான லெத்ர் யுலிசீஸ் விருதுகளில் மூன்றாமிடம் அதற்குக் கிடைத்தது. 2006-இல் பிரிட்டனின் சாமுவேல் ஜான்சன் பரிசுக்கான நெடும்பட்டியலிலும் அது இடம்பெற்றது.

நூலாகப் படிக்கும்பொழுது குறைகளும் தென்படத்தான் செய்கின்றன. அன்றன்று தொலைக்காட்சியில் தோன்றிய அரசியல்வாதிகளை எள்ளி நகையாடும் பகுதிகள் பல உள்ளன. அன்று அவை சுவையாக இருந்திருக்கும். இன்று அப்பெயர்களே பலருக்கு நினைவில்லை. சில இடங்களில் வாதம் ஓங்கி வீடு மறைந்துவிடுகிறது; ஏளனம் அளவு கடந்து, சொல்லவந்த துயரையே மழுங்கச் செய்கிறது. அன்றைய கூட்டத்துக்காக எழுதிய வரிகள் முதலில் வாடின என்பதும், தம் வீட்டாருக்குச் சொல்வதுபோல் எழுதிய வரிகள் வாடாதிருக்கின்றன என்பதும் எழுதுவோர் கருத்திற்கொள்ள வேண்டிய உண்மை.

மற்றொரு வேறுபாடும் உண்டு. வலைப்பூவில் அண்மைப் பதிவு மேலேயும் பழையது கீழேயும் இருக்கும். வாசகர் பக்கத்தைத் திறந்ததும் தேடியது கதையின் தொடர்ச்சியை அன்று. அப்பெண் உயிரோடிருக்கிறாரா என்பதையே. வாரக்கணக்கில் அவர் எழுதாமலிருந்ததுண்டு. நாள் தவறாது எழுதாவிடில் வாசகர் போய்விடுவர் என்பது இன்றைய ஆசான்களின் அச்சுறுத்தல். ரிவர்பெண்டின் வாசகரோ அவர் மௌனமாயிருந்த நாட்களிலும் திரும்பத் திரும்ப வந்து பார்த்தனர். அவ்வாறு கவலையோடு காத்திருப்பவனைத்தான் வாசகன் என்று சொல்லலாம். நூலில் அக்காத்திருப்பு இல்லாமற் போய்விடுகிறது.

2007 செப்டம்பரில் வந்த பதிவு, ஒரு பெட்டியில் வாழ்நாள் முழுவதையும் அடக்க முயன்று, நாட்டைவிட்டுச் சிரியாவுக்குச் சென்ற கதையைக் கூறியது. அக்டோபரில் அகதி வாழ்வைப் பற்றி எழுதிவிட்டு அவர் மௌனமானார். ஐந்தாண்டுகளுக்கும் மேலாகியபின், பக்தாத் வீழ்ந்த பத்தாம் ஆண்டு நாளான 2013 ஏப்ரல் 9-இல் ஒரே ஒரு பதிவு வந்தது. தமக்கென்று பெருகியிருந்த வாசகர் கூட்டத்தைப் பெயராகவும் பதவியாகவும் மாற்றிக்கொள்ள அவர் முனைந்தாரல்லர். சொல்ல வேண்டியதைச் சொன்னார், நிறுத்திக்கொண்டார்.

பொய்யின் புகழ்

பெயர் மறைத்து எழுதுபவரை நம்புவது எப்படி என்ற வினா எழுவது நியாயமே. சலாம் பாக்ஸ் கற்பனை மனிதர் என்று சிலர் உறுதியாகக் கூறி வந்தனர். 2003 ஜூனில் பீட்டர் மாஸ் என்ற அமெரிக்கச் செய்தியாளர், பக்தாதில் தமக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த இளைஞரே அவர் என்பதைப் பின்னர் உணர்ந்து எழுதினார். ரிவர்பெண்டின் நல்ல ஆங்கிலத்தையே காரணங்காட்டி அவர் ஈராக்கியரல்லர் என்றோரும் உண்டு. நான்காண்டுக் காலம் அவர் எழுதிய மின்வெட்டும், தெருவும், விலைவாசியும் அந்நகரில் வாழ்ந்த ஆயிரமாயிரம்பேர் ஒத்துப்பார்க்கக் கூடியவையாக இருந்தன. அதுவே அவருக்குச் சான்றாக நின்றது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 2011-இல் நடந்தது. சிரியாவில் மக்கள் கிளர்ச்சி மூண்ட வேளை. டமாஸ்கஸ் நகரில் வாழும் அமினா அர்ராஃப் என்ற பெண்ணின் பெயரில் ஒரு வலைப்பூ தோன்றியது. தன்னைப் பிடிக்க வந்த காவலர்களைத் தன் தந்தை பேசியே விரட்டிய கதை அதில் வந்தது. மேலை நாட்டார் மெய்ம்மறந்தனர். ஜூன் 6-இல் அமினா கடத்தப்பட்டதாகச் செய்தி பரவியது. அவரை விடுவிக்குமாறு முகநூலில் குரல்கள் பெருகின. ஜூன் 12-இல் உண்மை வெளிப்பட்டது. அமினா என்றொரு பெண்ணே இல்லை! எடின்பரோவில் பயின்றுகொண்டிருந்த டாம் மாக்மாஸ்டர் என்ற 40 வயது அமெரிக்கர் அவ்வளவையும் புனைந்திருந்தார். அமினாவினுடையதாகக் காட்டப்பட்ட படமோ, இலண்டனில் வாழ்ந்த, இவற்றை ஏதுமறியாத வேறொரு பெண்ணினுடையது.

குரல் கற்பனையாயினும் செய்திகள் உண்மை என்று அவர் தம்மை நியாயப்படுத்த முயன்றார். கற்பனைக்கு இலக்கியத்தில் என்றும் இடமுண்டு. அதனைக் கதையென்று சொல்லித் தரவேண்டும். உயிரைப் பணயம் வைத்து எழுதிய சிரியர்களின் சொல்லையும் இதன்பின் உலகம் ஐயத்தோடு பார்க்கலாயிற்று. இல்லாத பெண்ணைத் தேடி இருந்தவர்கள் தங்களை ஆபத்துக்குள்ளாக்கிக்கொண்டனர். கேட்போர் எதனை விரும்புவர் என்று அறிந்து அதனையே சமைத்துப் பரிமாறியதால் அவருக்குக் கூட்டம் சில மாதங்களில் சேர்ந்தது. இன்று கூட்டம் சேர்க்கக் கற்பிக்கப்படும் முறையும் ஏறத்தாழ இதுவேயன்றோ?

பெருகுவது எது?

இவ்விரு எழுத்துகளும் புனைபெயரில் வந்தவை. இரண்டுக்கும் போர்க்காலமே பின்புலம். இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஒன்று நூலாகி இன்றும் படிக்கப்படுகிறது. மற்றொன்று ஏமாற்றுக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே நினைக்கப்படுகிறது. வேறுபாடு அவற்றை எழுதியவர் கண்ணுற்றதில் உள்ளது. ஒருவர் தம் வீட்டு முற்றத்தைக் கண்டு எழுதினார். மற்றவர் வாசகரின் முகத்தைப் பார்த்தே எழுதினார்.

இன்று நிலைமை இன்னும் கடினமாகிவிட்டது. ரிவர்பெண்டின் காலத்தில் ஒரு வாசகர் மற்றவருக்குப் பரிந்துரைத்தார். இப்பொழுது எதனை யாருக்குக் காட்டுவதென்று சமூக ஊடக நிறுவனங்களின் கணினிகள் முடிவு செய்கின்றன. ஆளை நெடுநேரம் நிறுத்தி வைப்பதே அவற்றின் ஆதாயம். நிதானமாகச் சொல்பவருக்கு அங்கே கேட்போர் குறையலாம். அதனை ஏற்றுக்கொண்டே எழுதத் துணிபவருக்குத்தான் நிலையான வாசகர் அமைவர்.

நம் இல்லங்களிலும் பிள்ளைகள் எழுதுகின்றனர், காணொலிகள் வெளியிடுகின்றனர். அவர்களைத் தடுக்க வேண்டியதில்லை; தடுப்பதும் நல்லதன்று. பெண்மக்களுக்கு இது பெரும் வாய்ப்பும் ஆகும். வேலையிழந்து வீட்டுக்குள் அடைபட்ட ஒரு பெண் உலகோடு பேசியதை மேலே கண்டோம். 'எத்தனைபேர் பார்த்தார்கள்?' என்று அவர்களைக் கேட்பதை மட்டும் நாம் விட்டுவிடுதல் வேண்டும். 'எழுதியது நடந்ததா? நீ கண்டதா? உன் வீட்டாரும் அண்டை வீட்டாரும் படித்தால் ஆம் என்பார்களா?' என்று கேட்போம். இக்கேள்விகளுக்குத் தயங்காமல் விடை சொல்லும் பிள்ளைக்கு வாசகர் பத்துப்பேர் இருப்பினும், அவர்கள் அடுத்த பதிவுக்காகக் காத்திருப்பர்.