அறைக்குள் தலைகீழாய் ஒரு நகரம்

கீற்றுக் கூரையின் சிறு ஓட்டை வழியே நண்பகலில் தரையில் விழும் வெளிச்சப் பொட்டு வட்டமாகத்தான் இருக்கும். ஓட்டை கோணல்மாணலாக இருந்தாலும் வட்டம்தான். விழுவது சூரியனின் பிம்பம் அல்லவா? கிரகணத்தன்று அதே பொட்டு பிறையாகிவிடும். இந்த எளிய விந்தையைக் கையில் வைத்துக்கொண்டு மாநகரங்களையே படுக்கையறைச் சுவருக்குக் கொண்டுவந்தவர் புகைப்படக் கலைஞர் அபெலார்டோ மொரெல்.

1948-ல் ஹவானாவில் பிறந்தவர். சிறுவனாகக் கியூபாவை விட்டு அமெரிக்கா வந்து, பின்னாளில் பாஸ்டனில் கலைக் கல்லூரி ஆசிரியரானார். அட்டைப் பெட்டியில் ஒரு லென்ஸ், அதற்கு எதிரே எரியும் பல்ப், பெட்டிக்குள் தலைகீழாகத் தெரியும் அதே பல்ப்: 1991-ல் அவர் எடுத்த இந்தப் படம் ஒரு நல்ல ஆசிரியரின் பாடம் போலவே இருக்கிறது. அதே ஆண்டு தன் வீட்டு வரவேற்பறையையே கேமராவாக்கினார்.

செய்முறை எளிது. ஜன்னல்களைக் கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடி அறையைக் கும்மிருட்டாக்க வேண்டும். அதில் சிறு துளை ஒன்று. வெளியே உள்ள உலகம் தலைகீழாக எதிர்ச்சுவரில் வந்து படரும். அந்தக் காட்சியைச் சுவர், கட்டில், மேசை சகிதம் பெரிய ஃபார்மட் கேமராவில், ஃபிலிமில் எடுப்பார். ஆரம்பத்தில் ஒரு படத்துக்கு ஐந்து முதல் பத்து மணி நேரம் பிடித்தது. வெளிச்சம் மிகக் குறைவு. போதாததற்கு, நேரம் நீள நீள ஃபிலிமின் உணர்திறனும் மங்கிக்கொண்டே போகும்.

2013-ல் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் தொடங்கி, பின்பு லாஸ் ஏஞ்சலீஸின் கெட்டி அருங்காட்சியகத்துக்கும் அட்லாண்டாவின் ஹை அருங்காட்சியகத்துக்கும் சென்ற ‘தி யுனிவர்ஸ் நெக்ஸ்ட் டோர்’ கண்காட்சி அவருடைய ஃபிலிம் காலத்தையும் டிஜிட்டல் காலத்தையும் ஒன்றாக முன்வைத்தது.

கறுப்பு வெள்ளைப் படங்களில் 1994-ல் எடுத்த எம்பயர் ஸ்டேட் கட்டடம் தனி அழகு. நியூயார்க்கின் அந்தப் பெருங்கோபுரம் தலைகீழாக இறங்கி ஒரு படுக்கையறைக்குள் குடிவந்திருக்கிறது. கல்லும் இரும்பும் துணியின் மடிப்போடு வளைகின்றன. 1997-ல் ஓட்டல் அறை ஒன்றில் எடுத்த டைம்ஸ் சதுக்கம் இன்னும் ஒரு படி மேல். உலகின் நெரிசலான சந்திப்புகளில் ஒன்று அது. படத்திலோ ஈ காக்கை இல்லை. ஓடிய கார்களும் நடந்த மனிதர்களும் ஓரிடத்தில் நிற்காததால் ஃபிலிமில் தங்கவில்லை. நின்றவை மட்டுமே நிலைத்தன: கட்டடங்கள், விளம்பரப் பலகைகள், அறையின் கட்டில். சந்தடி ஓய்ந்த நகரத்தின் எலும்புக்கூட்டைப் பார்ப்பது போலிருக்கும்.

பிறகு வண்ணம் வந்தது. துளையில் லென்ஸ் பொருத்தினார், பிம்பம் கூர்மையானது. பிரிஸம் வைத்தார்; நகரம் நேராக நிமிர்ந்தது. டிஜிட்டல் வந்ததும் மணிக்கணக்கான காத்திருப்பு வெகுவாகச் சுருங்கியது. நாள் முழுவதையும் ஒன்றாகக் குழைத்துத் தந்த முறைக்குப் பதிலாக, ஒரு குறிப்பிட்ட வேளையின் வெயிலும் மேகமும் சுவருக்கு வந்தன. வடக்கு நோக்கிய சென்ட்ரல் பார்க் காட்சியை அவர் வெவ்வேறு பருவங்களில் எடுத்திருக்கிறார். கோடையின் பச்சையும் இலையுதிர் காலத்தின் செம்மஞ்சளும் அறைக்குள் வந்து தங்குவதைப் பழைய முறை இவ்வளவு துல்லியமாகத் தந்திருக்காது.

அறை இல்லாத இடத்துக்கு அவர் கண்ட வழி கூடாரம். வெளிச்சம் புகாத கூடாரத்தின் உச்சியில் பெரிஸ்கோப் போன்ற அமைப்பு; சுற்றுப்புறக் காட்சி கூடாரத்தின் தரையில் விழும். 2010-ல் ஒரு மொட்டைமாடியில் இப்படி எடுத்த புரூக்ளின் பாலத்தில், மாடித் தரையின் சொரசொரப்பே ஓவியனின் தூரிகைத் தடம் போலப் பாலத்தின் மேல் படிந்திருக்கிறது.

டிஜிட்டல் வந்தபின் புகைப்படத்தில் ரசம் போய்விட்டது என்று வருந்துவோர் இந்த இரண்டு காலப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஃபிலிம் நகரத்தின் கனத்தைத் தந்தது. டிஜிட்டல் அதன் வேளையைத் தந்தது. இரண்டிலும் அடிப்படைக் கருவி அந்தத் துளைதான்.

வீதியைப் பார்த்த ஜன்னல் உள்ளவர்கள் ஒரு வெயில் நாளில் இதைச் செய்து பார்க்கலாம். கறுப்பு பிளாஸ்டிக், ஒட்டும் டேப், கத்தரிக்கோல் போதும். இருட்டுக்குக் கண் பழகச் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். எதிர்வீட்டு மாடியும் தென்னை மரமும் தலைகீழாகச் சுவரில் தெரியத் தொடங்கும்.