ஜப்யாவின் கல்

ஆரணியில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவன் நான். மகளின் பட்டுப்புடவைக்காக வாயில் நூலை ஒளித்துத் திருடும் நெசவாளியை, பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' (2008) படத்தில் பார்த்து அழுதேன். அழுததும் மனசு லேசாகிவிட்டது.

நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் 'ஃபன்ட்ரி' (2013) அந்த வசதியைத் தரவில்லை. தலைப்பு கைக்காடி மொழிச் சொல், நம்ம 'பன்றி'யேதான். ஊர் வேடிக்கை பார்த்துச் சிரிக்க, சிறுவன் ஜப்யாவின் குடும்பம் பன்றி துரத்துகிறது. நடுவில் பள்ளியிலிருந்து தேசிய கீதம் கேட்க, அப்படியே அசையாமல் நிற்கிறார்கள். நானும் சிரித்துவிட்டேன். கடைசியில் ஜப்யா எறியும் கல் நேராகக் கேமராவுக்கு வருகிறது.

பள்ளியில் ஒருத்தனை சாதியை வெச்சுப் பட்டப்பெயரில் கூப்பிடுவோம். அந்தப் பட்டப்பெயர் இன்னும் ஞாபகமிருக்கு. அவன் பெயர்தான் இல்லை.