பத்தி நிரப்பலும் தமிழ் உரைநடையும்

கணினியின் உரைத்தொகுப்பான் பத்தியை எவ்வாறு வரையறுக்கிறது என்பது பொறியாளர்க்கே உரிய வினா எனக் கருதப்படுவதுண்டு. மூலமும் மொழிபெயர்ப்பும் பத்திக்குப் பத்தி ஒத்துச் செல்லவேண்டிய பணியில் இக்கருத்துப் பொருந்தாது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1985இல் வெளியிட்டு, இன்றும் வழக்கிலுள்ள குனூ ஈமாக்ஸ் தொகுப்பானை இங்குச் சான்றாகக் கொள்ளலாம். அதன் பத்தி நிரப்பும் கட்டளை, ஒரு பத்தியின் வரிகளைச் சேர்த்து, குறித்த நிரலெல்லைக்குள் (இயல்பாக 70) அமையுமாறு மீண்டும் மடிக்கிறது.

எளிய உரைக்குரிய முறைமையில் வெற்று வரியே பத்தியின் எல்லை. தமிழ் அச்சு நூல்களிலோ முதல் வரியை உள்தள்ளித் தொடங்குவதே பெருவழக்கு. இடையில் வெற்று வரி விடுவதில்லை. அவ்வாறு தட்டச்சிட்ட இரு பத்திகளின்மீது இக்கட்டளையை ஏவினால் அவை ஒன்றாகிவிடும். சொல் எதுவும் குறையாமையால் மெய்ப்புத் திருத்துவோர் இதனை எளிதில் காண்பதில்லை. மூலத்தோடு ஒப்புநோக்கும்போதுதான் ஒரு பத்தி குறைவது தெரியவரும். ஆசிரியர் கருத்தைப் பிரித்த இடம் அதற்குள் அழிந்திருக்கும். உள்தள்ளலை எல்லையாகக் கொள்ளும் தனி முறைமை அத்தொகுப்பானிலேயே உண்டு என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அதனை நாமே தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

தொடரின் முடிவு பற்றிய விதி இதனினும் சுவையானது. முற்றுப்புள்ளிக்குப்பின் இரண்டு இடைவெளி இருந்தால்தான் தொடர் முடிந்ததாக ஈமாக்ஸ் கொள்ளும். ஓர் இடைவெளியே இருப்பின் அவ்விடத்தில் வரியை மடிக்காது. ஆங்கிலத் தட்டச்சு மரபில் தோன்றிய இவ்விதி, எதிர்பாராத வகையில் தமிழ்ப் பெயர்களுக்கு ஏற்றதாக உள்ளது. ‘உ. வே. சாமிநாதையர்’ என்பதில் தலைப்பெழுத்துகள் வரியிறுதியில் தனித்து நிற்காமல் பெயரோடு சேர்ந்தே செல்லும். ஆனால் தொடரிறுதியிலும் ஓர் இடைவெளியே விடுவோர் எழுத்தில் தொடர்முடிவும் தலைப்பெழுத்தும் வேறுபாடின்றி மயங்குகின்றன. இவ்விதியை நீக்கிவிடுவதே தீர்வு என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. நீக்கினால் தலைப்பெழுத்துப் புள்ளியும் தொடர்முடிவாகக் கொள்ளப்படும்.

நிரல் எண்ணிக்கையைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலத்தன அல்ல, ‘கொ’ ஓரெழுத்தாயினும் யூனிகோடில் இரு குறியீடுகள், திரையில் மூன்று உருக்கள். நிரலை எண்ணி மடித்த தமிழ் வரிகள் சமமாக அமையாததில் வியப்பில்லை.

மொழிபெயர்ப்புக்குரிய படிகளில் இக்கட்டளையைத் தவிர்ப்பதே நன்று. 2009இல் வந்த 23ஆம் பதிப்பு முதல், கோப்பில் வரிமுறிவு எதனையும் இடாமல் திரையளவில் மட்டும் சொல்லெல்லையில் மடித்துக் காட்டும் வசதி ஈமாக்ஸிலேயே இருக்கிறது.