ஆடிக்காற்றுக்கு அசையாத கொண்டை

திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரிச் சாலையில் 30 கிலோமீட்டர் தெற்கே வந்தால் நாங்குநேரி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று இந்தப் பக்கம் வைகாசிக் கடைசியில் பிடித்தால் புரட்டாசி வரை விடாது. காற்றாலைக்காரர்களுக்கு அது நல்ல காலம். களக்காட்டுப் பக்கம் வாழை போட்டவர்களுக்குக் கம்பு ஊன்றிக் கட்டிக் காவல் இருக்கிற காலம். நீளமுடிக்காரிகள் பாடு தனி. பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்துக்குள் பின்னல் பிசிறடித்து, முன்முடி கண்ணில் குத்தி, ஒன்றிரண்டு வாய்க்குள்ளும் போய்விடும். "ஏளா, தலைய விரிச்சுப் போட்டுட்டு நிக்காத. அள்ளி முடி" என்று பக்கத்தில் நிற்கிற ஆச்சி யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்.

அப்படி அள்ளி முடிகிற சொருகு கொண்டைக்குச் சீப்பு, கண்ணாடி, ரப்பர் பேண்டு எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே, பத்து எண்ணுவதற்குள் போட்டுவிடலாம். கல்லூரிப் பிள்ளைகள் செல்போனில் வீடியோ பார்த்துப் பழகுகிற 'மெஸ்ஸி பன்'னும் ஏறக்குறைய இதுதான். கோலத்துக்குப் போட்டி வைக்கிறோம், பூக்கட்டுகிற விரல்களை நின்று பார்க்கிறோம். அதே விரல்கள் தினம் நாலு தடவை செய்கிற இந்த வேலையை யாரும் நின்று பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் தலை லேசாக முன்னால் சாயும். இரண்டு கைகளும் காதோரத்திலிருந்து கிளம்பி, விரல்களே சீப்பாகப் பின்னால் வரும். உச்சிமுடியை இழுத்துப் படிய வைப்பதில்லை. வந்த அளவுக்கு வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். பிடரிக்குச் சற்று மேலே முழு முடியும் இடது கைப்பிடிக்குள் அடங்கியதும் வலது கை முறுக்கத் தொடங்கும். நாலைந்து முறுக்கில் முடி திரண்டு, தானாகவே வளைந்து தன்மேல் ஏறப் பார்க்கும். கைப்பழக்கம் உள்ளவர்கள் காத்திருப்பது அந்த நொடிக்குத்தான். முறுக்கு போதவில்லை என்றால் கொண்டை தொளதொளக்கும். கூடிப்போனால் குட்டை குட்டையாகச் சிக்கு விழும். முடி வளையத் தொடங்கியதும் அது போகிற போக்கிலேயே இடது கையின் இரண்டு விரல்களைச் சுற்றி ஒரு வளையம், அதற்கு மேல் இன்னொன்று. மிச்சமிருக்கிற நுனி கொண்டையின் அடியைச் சுற்றி வந்து, கீழிருந்து மேலாக உள்ளே போகும். அதை வாங்கி அழுத்துவது சுற்றுக்குள் இருக்கிற அதே இரண்டு விரல்கள்தான். பிறகு அவை மெல்ல வெளியே வந்துவிடும். கடைசியாக உள்ளங்கையால் ஒரு தட்டு. அந்தத் தட்டைப் பழக்கம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து உட்காருவது அதில்தான்.

நுனியை அடியில் சொருகாமல், வளையத்துக்குள் நுழைத்து இழுத்து முடிச்சாகவே போடுகிறவர்களும் உண்டு. கோடாலி முடிச்சு என்பார்கள். அது இன்னும் கெட்டி. ஆனால் இடுப்பைத் தொடுகிற முடி வேண்டும்.

ஒரு ஊசி கூட இல்லாமல் இது எப்படி நிற்கிறது? கயிறு திரிக்கிற இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு விளங்கும். முறுக்கேறிய புரி எப்போதும் பிரியத்தான் பார்க்கும். பிரிய இடம் கொடுக்காமல் மடக்கிவிட்டால் அந்தத் திமிறலே பக்கத்துப் புரியை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். கொண்டைக்குள் நடப்பதும் அதுதான். அவிழ நினைக்கிற முடியே கொண்டையை இறுக்குகிறது. அதனால்தான் முறுக்கின திசையிலேயே சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் எத்தனை கொண்டை ஊசி குத்தினாலும் அரைமணி நேரத்தில் கழுத்தில் வந்து விழும். இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால், "எனக்கு நிக்கவே மாட்டேங்குது" என்கிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அன்றைக்கே நின்றுவிடும்.

இன்னொரு துணை உராய்வு. தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது; மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளர்கிறது. இடுப்பு வரை தொங்குகிற முடியின் நுனி ஐந்தாறு வருஷம் வெயிலும் காற்றும் பட்டது. அது சொரசொரப்பாகத்தான் இருக்கும், சொரசொரப்பாக இருப்பதால்தான் உள்ளே சொருகியதும் பிடித்துக்கொள்கிறது. கிழடு தட்டிய நுனியை நடுவில் ஒளித்துவைத்து, இளமுடியை வெளியே காட்டுவதால் கொண்டைக்கு ஒரு மினுமினுப்பும் வந்துவிடுகிறது. சீயக்காய் போட்டுக் குளித்த அன்றைக்கு முடி வழுவழுவென்று நழுவும். மறுநாள், சொட்டு எண்ணெய் தடவிப் படிந்த தலையில்தான் கொண்டை உறுதியாக நிற்கும். எண்ணெய் கூடிப்போனால் மறுபடியும் வழுக்கும். எண்ணெய்க்குப் பேர்போன ஊர் நாங்குநேரி; வானமாமலைப் பெருமாளுக்குத் தினமும் எண்ணெய்க்காப்பு நடந்து, அந்த எண்ணெய் கோயிலுக்குள் ஒரு கிணற்றில் சேர்கிறது. தோல்நோய்க்கு மருந்து என்று வெளியூரிலிருந்தும் வந்து வாங்கிப் போகிறார்கள். கொண்டைக்கு மட்டும் உள்ளங்கையில் தேய்த்தால் மறைந்துவிடுகிற அளவு போதும்.

இந்தக் கொண்டையின் அழகு அது உட்காருகிற இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். உச்சியில் போட்டால் முகம் எடுப்பாகத் தெரியும்தான். ஆனால் நம் பெண்களுக்கு உச்சி சும்மாட்டுக்கு உரிய இடம். பழைய சேலைத்துணியைச் சுருட்டி வட்டமாக வைத்து, அதன்மேல் தண்ணீர்க் குடமோ, நாற்றுக்கட்டோ, புல்லுக்கட்டோ ஏறும். சும்மாடு தட்டையாக உட்கார வேண்டும், கழுத்து நேராக நிற்க வேண்டும், அண்ணாந்தால் கொண்டை முதுகில் இடிக்கக்கூடாது. இத்தனைக்கும் இடம் விட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது பிடரிக்குழிக்கு மேலே நாலு விரல் அகலம்தான். அங்கே போட்டால் குனிந்து நடவு நடும்போதும் பாரம் முன்னால் சரியாது. பாம்படம் போட்ட பாட்டிமாரின் பழைய படங்களைப் பாருங்கள். தோளைத் தொடுகிற காது, அதற்குப் பின்னால் பிடரியில் ஒதுங்கின சின்னக் கொண்டை. தங்கம் ஆடுவதற்கு அது வழிவிட்டு நிற்கும். இடம் குறித்தது வேலை. கண்ணுக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

கல்லில் செதுக்கியவர்களுக்கும் கொண்டைமேல் கண் இருந்தது. நாயக்கர் காலத்துத் தூண்களில் பெண்களின் கொண்டை பெரிதாக ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் சாய்ந்த கொண்டை தமிழ்நாட்டுக்கே தெரியும். மார்கழியில் வேஷம் போடுகிற குழந்தைகளுக்கும் அப்படித்தான் கட்டிவிடுகிறோம். அவையெல்லாம் அலங்காரம். உட்கார வைத்து, இன்னொருவர் நின்று, பூச்சுற்றிப் போடுவது. 1960களில் சினிமாவைப் பார்த்து ஊரெல்லாம் போட்டுக்கொண்ட கோபுரக் கொண்டைக்கும் சவுரியும் வலையும் ஒரு டப்பா ஊசியும் தேவைப்பட்டன. அவற்றின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தலையோடு ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது.

ஆண்களும் ஒருகாலத்தில் முடிந்துகொண்டுதான் இருந்தார்கள். நாங்குநேரிக்குத் தென்கிழக்கே, ராதாபுரம் வட்டாரத்தில் இருக்கிறது இடையன்குடி. 1841 முதல் அங்கே வாழ்ந்த மிஷனரி கால்டுவெல், 1867இல் குடுமியைப் பற்றி மட்டும் தனியாக ஒரு சிறுநூல் எழுதினார். கிறிஸ்தவரானவர்கள் குடுமியை வெட்டத்தான் வேண்டும் என்று மிஷனரிமாரில் ஒரு தரப்பு வற்புறுத்திக்கொண்டிருந்தது. குடுமி மதத்தின் அடையாளம் இல்லை, இந்த நாட்டு வழக்கம் என்பது கால்டுவெல்லின் கட்சி. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதின கை, முடி முடிகிற வழக்கத்துக்கும் நேரம் ஒதுக்கி வாதாடியதை நினைத்தால் எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடுகிறது. பிறகு கிராப்பு வந்தது, ஆண்களின் குடுமி பெரும்பாலும் போய்விட்டது. பெண்களின் கொண்டை போகவில்லை.

இன்றைக்கு அந்தக் கொண்டை ஸ்கூட்டியில் போகிறது. ஹெல்மெட் வந்தபிறகு சும்மாட்டின் கணக்கு அப்படியே திரும்பி வந்துவிட்டது. உச்சியில் போட்ட கொண்டைமேல் ஹெல்மெட் உட்காராது. அரைகுறையாக உட்கார்ந்தால் ஆபத்து. பிளாஸ்டிக் கிளிப்பைக் குத்தி அதன்மேல் ஹெல்மெட்டை அமுக்குவதும் கூடாது, விழுந்தால் அதன் பல்தான் முதலில் தலையில் இறங்கும். பிடரியோடு தாழ்த்திப் போட்ட சொருகு கொண்டை ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே ஒதுங்கிவிடும். நர்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகளும், கடையில் நாள் முழுக்க நிற்கிற பிள்ளைகளும் யாரும் சொல்லாமலே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பாட்டியின் கொண்டையைப் பழைய மோஸ்தர் என்று ஒதுக்கினவர்கள், பெயர் மாறி வந்ததும் எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை. கை மறக்காமல் இருந்தால் போதும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் பாட்டிமார் சொன்னதைக் கேட்க வேண்டும். ஈரத்தலையை முடியக்கூடாது. ஈரத்தில் முடி இழுத்த இழுப்புக்கு நீளும், எளிதில் அறும். உள்ளே காயாமல் புழுங்கி நாற்றமும் அடிக்கும். அடுத்தது, முன்முடியை இழுத்துக் கட்டுவது. தினமும் நெற்றி தெறிக்க ரப்பர் பேண்டு போடுகிறவர்களுக்குக் காதோரமும் முன்நெற்றியும் மெல்ல ஏறிப்போகும். வேர் சோர்ந்துவிட்டால் அந்த முடி திரும்ப வருவது கஷ்டம். கைமுறுக்குக் கொண்டையில் பிடிமானம் பிடரியிலேயே இருப்பதால் முன்முடி இளக்கமாகக் கிடக்கிறது. படம் பார்த்துப் போடுகிறவர்கள் கொண்டை போட்ட பிறகு ஒவ்வொரு இழையாகப் பிடுங்கி வெளியே விடுகிறார்களே, அந்தக் கலைந்த தோற்றம் இங்கே தானாக வந்துவிடும். காலையில் போட்டு, மதியம் வரை வேலை பார்த்த தலையில், காதுக்கு முன்னால் இரண்டு இழை எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்திருக்கும். பிடுங்கி விட்டதில் அந்த அளவு வராது.

பிசான நெல்லுக்குக் குளம் பெருகி நடவு தொடங்கிவிட்டால் இதில் இன்னொரு பக்கத்தைப் பார்க்கலாம். இரண்டு கையும் சேறு. யாருக்காவது கொண்டை அவிழ்ந்தால் முழங்கையால் ஒதுக்கிப் பார்ப்பார்கள், தோளில் தேய்த்துப் பார்ப்பார்கள். முடியாதபோது வரப்பில் நிற்கிறவரைக் கூப்பிட வேண்டியதுதான். "மைனி, இந்தக் கொண்டைய ஒரு முடி முடிஞ்சு விடுங்க" என்று பின்னுக்கு நடந்து வரப்போரம் வந்து தலையைக் கொடுப்பார்கள். தானே போடுகிறபோது கை பின்னால் வளைந்து தடவித்தான் போட வேண்டும். அடுத்தவர் போடும்போது கண் பார்க்கிறது, கை நேராக இறங்குகிறது. அதனால் முடிச்சு ஒரு சுற்று கூடுதலாகவே விழும். சில மைனிமார் தம் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி அதில் குத்தியும் விடுவார்கள். சாயங்காலம் கை கழுவின பிறகு ஊசியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதில் மட்டும் கறார்.