'லாம்' என்னும் ஈறு

அறவிதிக் கோவைகளை நாம் பிரதிகளாக வாசிப்பதில்லை. வாசிக்கவேண்டும். அமெரிக்க உளவியற் சங்கம் 2002 ஓகஸ்டில் ஏற்றுக்கொண்ட கோவையின் 1.02ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். உளவியலாளரின் அறக்கடமையும் சட்டமும் முரண்பட்டால் அவர் தன் அறக்கடமையைத் தெரியப்படுத்தவேண்டும். முரணைத் தீர்க்க முயலவேண்டும். தீராவிட்டால் சட்டத்தையோ ஒழுங்குவிதியையோ ஆளும் அதிகாரத்தையோ பின்பற்றலாம். இதுதான் அதன் சாரம்.

எல்லாம் அந்த 'லாம்' என்னும் ஈற்றில் இருக்கிறது. அது கட்டளையிடவில்லை, விலக்கவுமில்லை. கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மேலிடத்து உத்தரவு என்பது குற்றத்திலிருந்து விடுவிக்காது என்று நூரம்பேர்க்கில் நிறுவப்பட்டு அரை நூற்றாண்டு கடந்தபின் எழுதப்பட்ட வாசகம் இது. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை எந்தத் தொழிலாளியும் அழுத்தலாம், மேற்பார்வையாளரைக் கேட்கத் தேவையில்லை. அதுவும் ஒரு 'லாம்' தான். ஆனால் அது நிறுத்துவதற்கான அனுமதி; 1.02 தொடர்வதற்கான அனுமதி.

2005இல் அச்சங்கத்தின் செயற்குழுவொன்று, விசாரணைகளில் உளவியலாளர் பங்குபற்றுவது அறவிதிக்கு இசைவானதே என்றது. மறுவருடமே மனநல மருத்துவர் சங்கம் தன் உறுப்பினர் நேரடியாகப் பங்குபற்றுவதை மறுத்துவிட்டது. ஆக, வேறுவிதமாக எழுத முடிந்திருக்கிறது. சீ.ஐ.ஏ.யின் விசாரணை முறைகளை வகுத்த இரு உளவியலாளரின் நிறுவனத்துக்கு 8.1 கோடி டொலர் கொடுக்கப்பட்டதாக 2014 டிசம்பரில் செனற் குழு அறிக்கை சொல்லிற்று. அவர்களில் ஒருவரின் உரிமம் தொடர்பாக ரெக்சாஸ் உரிமச் சபைக்கு 2010இல் போன முறைப்பாடு 2011இல் தள்ளுபடியானது. உரிமம் கொடுப்பதும் அரசு, உத்தரவு கொடுப்பதும் அரசு. (உளவியலாளருக்கும் உளவாளிக்கும் தமிழில் முதலிரண்டு எழுத்தும் ஒன்றாயிருப்பது தற்செயல்தான்.)

2010இல் அந்த 'லாம்' நீக்கப்பட்டது. மனித உரிமை மீறலை நியாயப்படுத்த இவ்விதி எந்நிலையிலும் பயன்படாது என்று சேர்த்தார்கள். எட்டு வருடம்! தேசப் பாதுகாப்பு விசாரணைகளில் பங்குபற்றுவதைத் தடுக்கும் தீர்மானம் ரொறன்ரோவில் நிறைவேற 2015 ஆயிற்று.

சித்திரவதைக் கூடம் எங்கோ இருக்கிறது, சாதாரண உளவளத்துணைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். தஞ்சம் கோரிய ஹொண்டுராஸ் சிறுவனொருவன் காப்பகத்து உளவளத்துணையாளரிடம் நம்பிச் சொன்னவை குடிவரவு நீதிமன்றத்தில் அவனுக்கெதிராகவே பயன்படுத்தப்பட்டதை 2020 பெப்ரவரியில் வோஷிங்டன் போஸ்ற் எழுதியது. அங்கே அடியில்லை, தண்ணீரில்லை. ஒரு கோப்பு மட்டுமே.

நம்மிடையேயும் இத்தொழிலுக்கு வந்தோர் உள்ளனர். கோப்பு யார் கைக்குப் போகும் என்பதை முதற் சந்திப்பிலேயே, வந்தவரின் மொழியில் சொல்லவேண்டும் என்பது என் கட்சி. சொன்னால் அவர் வாய்திறக்கமாட்டார் என்பது எதிர்வாதம். திறக்காமலிருப்பதும் அவர் தெரிவு என்றே நான் கொள்கிறேன். மறுப்போர் எழுதட்டும்.